விளக்குக்குச் செலவழித்தோம், இணைப்பில் மிச்சம் பிடித்தோம்

(மழைக்காலத்துக்கு முன்பு நமது டிரஸ்ட் மண்டபத்தில் நடந்த குடும்ப நலக் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)





வழக்கமாக இந்தக் கூட்டத்தில் கல்வி உதவித்தொகை, மருத்துவ உதவி, விதவைகளுக்கான மாதாந்திர அரிசி என்றுதான் பேசுவோம். இன்று கரண்ட் விஷயம் பேசப்போகிறோம். அதிலும் வீட்டுக்கு வெளியே, மழையில் நனைகிற இடத்தில் எரிகிற விளக்கைப் பற்றி மட்டும்.

உள்ளே வரும்போது கவனித்திருப்பீர்கள். முன்தோட்டத்தில் இருக்கும் எட்டு விளக்குக் கம்பங்களும் பத்து மாதம் அணைந்தே கிடந்தன. போன வாரம்தான் மறுபடியும் எரிய ஆரம்பித்தன. இருட்டில் செருப்பைத் தேட வேண்டியிருக்கிறதே, ஏன் விளக்குப் போடவில்லை என்று பலர் கேட்டீர்கள். அதற்குப் பதில் சொல்லவேண்டியது நிர்வாகத்தின் கடமை.

அன்று மஃரிபுக்கு முன்

போன ஐப்பசியில் ஒரு நாள். பிற்பகல் முழுக்க மழை. மஃரிபுக்குச் சற்று முன்புதான் விட்டது. தோட்டத்தில் கணுக்கால் அளவு தண்ணீர் நின்றது. மாலை மக்தபுக்கு வரும் பதினோரு வயதுப் பையன் ஒருவன் ஒளு செய்துவிட்டு வெறுங்காலோடு வந்தான். காலில் ஒட்டிய சேற்றைத் தட்டுவதற்காக ஒரு விளக்குக் கம்பத்தைப் பிடித்தான். பிடித்த கை பிடித்தபடியே நின்றுவிட்டது. அவன் கத்தவில்லை. கத்த முடியவில்லை.

பக்கத்தில் நின்ற நமது பெரியவர் ஒருவர் பதறிப்போய்ப் பையனை இழுக்கக் கையை நீட்டினார். அந்த நேரத்தில் தொழுகைக்காக வந்துகொண்டிருந்தார், சிப்காட்டில் ஓர் உருட்டாலையில் வேலை பார்க்கும் பீகார் தம்பி. வயதானவர் என்றும் பாராமல் அவரை ஒரு பக்கம் தள்ளிவிட்டு, "மெயின் பந்த் கரோ" என்று கத்திக்கொண்டே வராண்டாவுக்கு ஓடி, தானே மெயினை இறக்கினார். பையன் கீழே விழுந்தான். உள்ளங்கை கருகியிருந்தது. இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்தார்கள். அல்ஹம்துலில்லாஹ், இன்று அவன் நலமாக இருக்கிறான்.

தொழிற்சாலையில் அந்தத் தம்பிக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்: கரண்டில் ஒட்டியவரைத் தொடாதே, முதலில் கரண்டை நிறுத்து. அவருக்குத் தெரிந்தது அங்கே நின்ற நம்மில் ஒருவருக்கும் தெரியவில்லை. அவர் தள்ளிவிடாமல் இருந்திருந்தால் அன்றைக்கு இரண்டு ஜனாஸா ஆகியிருக்கும்.

மூன்றாம் நாள் பையனின் தாயார் அலுவலகத்துக்கு வந்தார். சண்டை போட வரவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டார். "பாய், அந்த விளக்கை மாட்டுனது யாருன்னு நான் கேக்க வரல. மாட்டுனதுக்கு அப்புறம் அதை யாரு பாத்தீங்க?"

எங்களிடம் பதில் இல்லை. அவர் போன பிறகு பழைய கோப்பை எடுத்துப் பார்த்தோம். விளக்குப் போட வந்த வயர்மேன் கொடுத்த கொட்டேஷன் அதில் இருந்தது. மூன்று கோர் கேபிள் என்று அவர் எழுதியிருந்தார். அதை அடித்துவிட்டு இரண்டு கோர் என்று மாற்றியிருந்தோம். மின்கசிவைக் கண்டால் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. ஒன்று என்று எழுதியிருந்தார். அந்த வரியையே அடித்திருந்தோம். விளக்குகளுக்கு மட்டும் 22,400 ரூபாய் கொடுத்தோம். அந்த இரண்டு வரிகளில் மிச்சம் பிடித்தது சுமார் 5,000 ரூபாய். அமானிதப் பணத்தைச் சிக்கனமாகச் செலவழிக்கிறோம் என்ற நினைப்பில் செய்தோம். அந்த வரிகளை அடித்த பேனா எங்கள் பேனா. வயர்மேன்மீது பழி போட எங்களுக்கு வழி இல்லை.

உள்ளே என்ன நடந்தது

மறுநாள் மெயினை இறக்கிவிட்டு எட்டுக் கம்பங்களையும் திறந்தோம். மூன்றில் தண்ணீர் நின்றது. ஒன்றில் எறும்புப் புற்று. இன்னொன்றில் எலி வயரைக் கடித்து, செம்பு பளபளவென்று வெளியே தெரிந்தது. உறங்குவதற்கு முன் விளக்கை அணைத்துவிடும்படி நபி (ஸல்) அவர்கள் சொன்னதையும், எலி திரியை இழுத்துப்போய் வீட்டாரை எரித்துவிடும் என்று அதற்குக் காரணம் சொன்னதையும் மதரஸாவில் ஓதியவர்கள் நாம். எண்ணெய் விளக்குப் போய் எல்.இ.டி. வந்துவிட்டது. எலி அப்படியேதான் இருக்கிறது.

பையன் பிடித்த கம்பத்தில் நடந்தது இதுதான். புல்தரையிலிருந்து அரை அடி உயரத்தில், கம்பத்துக்குள்ளேயே இரண்டு வயர்களையும் முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றியிருந்தார்கள். நம் வீடுகளில் பெரும்பாலும் அப்படித்தான் செய்கிறோம். அந்த டேப் தண்ணீருக்கு அணையாகாது. சித்திரை வெயிலில் கம்பம் சுடும்போது டேப்பின் பசை இளகிவிடும், ஓரம் பிரியும். மழை வந்ததும் தண்ணீர் அதற்குள் நுழையும். நுழைந்த தண்ணீர், திரியில் எண்ணெய் ஏறுவதுபோல, வயரின் மெல்லிய செம்பு இழைகளுக்கு இடையே ஏறும். செம்பு பச்சை பூத்து அரிக்கும். பிறகு ஒருநாள் அந்தத் தண்ணீர் வழியாக ஃபேஸ் கரண்ட் கம்பத்தின் இரும்புக்கு வந்துசேரும்.

இரும்புக்கு வந்த கரண்ட் மண்ணுக்குப் போக ஒரு வழி வேண்டும். அந்த வழிதான் எர்த். மூன்றாவது கோர் இல்லாததால் நமது கம்பத்துக்கு எர்த் இல்லை. கரண்ட் காத்திருந்தது. ஈரக் கையும் வெறுங்காலுமாக ஒரு பிள்ளை வந்து பிடித்ததும் அவன் உடம்பே வழியாகிவிட்டது.

"எம்.சி.பி. இருக்கிறதே, அது ஏன் ட்ரிப் ஆகவில்லை?" என்று பலர் கேட்டீர்கள். இந்த ஒரு கணக்கை மட்டும் எல்லோரும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். 10 மில்லி ஆம்பியர் அளவுக்குக் கரண்ட் உடம்பில் பாய்ந்தாலே பிடித்த கையை விட முடியாமல் போகலாம். 30 மில்லி ஆம்பியருக்கு மேல் நீடித்தால் இதயத் துடிப்பு குலையும் ஆபத்து. நம் வீட்டில் இருக்கும் மிகச் சிறிய எம்.சி.பி.களில் ஒன்று 6 ஆம்பியர். அதாவது 6,000 மில்லி ஆம்பியர். உயிருக்கு ஆபத்தான அளவைப்போல் 200 மடங்கு. அந்த அளவு வரை அது பேசாமல்தான் இருக்கும். எம்.சி.பி. வயர் எரியாமல் காக்கிறது. மனிதரைக் காப்பது அதன் வேலை இல்லை.

தண்ணீர் நுழையும் என்று வைத்துக்கொண்டே செய்யுங்கள்

இந்தப் பத்து மாதத்தில் உரிமம் பெற்ற மின் ஒப்பந்தக்காரர்கள் இருவரை வரவழைத்து, உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டோம். அவர்கள் சொன்னதில் முதல் பாடம், மழையில் நிற்கும் பெட்டிக்குள் தண்ணீரே வராது என்று நம்பக்கூடாது என்பது. வரும். வந்தாலும் ஆபத்து ஆகாதபடி செய்யவேண்டும். இதற்கு மூன்று காப்பு சொன்னார்கள்.

முதலாவது, இணைப்பை எங்கே, எப்படி வைக்கிறோம் என்பது. தண்ணீர் நிற்கும் மட்டத்தில் ஜாயிண்ட் இருக்கவே கூடாது. தரையில் புதைத்த கேபிளை நடுவில் வெட்டி ஒட்டக்கூடாது. ஒரு விளக்கிலிருந்து அடுத்த விளக்குக்கு முழுக் கேபிளாகப் போகவேண்டும். இணைப்புகளைச் சுவரிலோ தூணிலோ, வெள்ளம் எட்டாத உயரத்தில், வெளி உபயோகத்துக்கான ஜங்ஷன் பாக்ஸில் வைக்கவேண்டும். கேபிள் அந்தப் பெட்டிக்குள் மேலிருந்து இறங்கக்கூடாது. அடியிலிருந்து, ரப்பர் வளையம் உள்ள கிளாண்ட் வழியாக நுழையவேண்டும். நுழைவதற்கு முன் கேபிளைக் கொஞ்சம் தொங்கவிட்டு வளைத்தால், அதன்மீது வழியும் மழைநீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும்.

பெட்டியைச் சுற்றிலும் சிலிகான் பூசி அடைத்துவிட்டால் போதாதா என்று கேட்டோம். போதாதாம். பகலில் வெயிலில் பெட்டி சூடாகி உள்ளே இருக்கும் காற்று விரிகிறது. திடீரென்று மழை பெய்து குளிர்ந்ததும் காற்று சுருங்கி, சின்ன இடுக்கு இருந்தாலும் ஈரத்தை உள்ளே இழுக்கிறது. நான்கு பக்கமும் அடைத்த பெட்டியில் நுழைந்த ஈரம் வெளியே போக வழியில்லாமல் தேங்கும். தயாரிப்பாளர் அடியில் வடிகால் துளை வைத்திருந்தால் அதை அடைக்கக்கூடாது. தாழ்வான இடத்தில்தான் இணைத்தாகவேண்டும் என்றால் ஜெல் நிரப்பிய கனெக்டர், அல்லது ரெசின் ஊற்றி இறுகவைக்கும் ஜாயிண்ட் கிட் கிடைக்கிறது. அதற்குள் காற்றுக்கே இடமில்லை, அதனால் தண்ணீருக்கும் இடமில்லை.

கடையில் விளக்கு வாங்கும்போது பெட்டியின்மேல் ஐ.பி. என்று போட்டு இரண்டு இலக்கம் இருக்கும். முதல் இலக்கம் தூசிக்கு, இரண்டாவது தண்ணீருக்கு. ஐ.பி. 20 வீட்டுக்குள் மட்டும். ஐ.பி. 44 என்றால் தெறிக்கும் தண்ணீரைத் தாங்கும், தாழ்வாரத்துக்கு ஆகும். ஐ.பி. 65 தூசி புகாது, பீய்ச்சி அடிக்கும் தண்ணீரைத் தாங்கும்; திறந்தவெளிக்கு இதுவாவது வேண்டும். ஐ.பி. 67 ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் 30 நிமிடம் தாங்கும். 30 நிமிடம்தான். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது நம் மாவட்டத்தில் எத்தனை தெருக்களில் எத்தனை நாள் தண்ணீர் நின்றது என்பது இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். அந்த வெள்ளத்துக்கு எந்த ஐ.பி. எண்ணையும் நம்பி விளக்கை எரியவிட முடியாது. தண்ணீர் ஏறத் தொடங்கும்போதே வெளி விளக்குகளின் சுவிட்சை அல்ல, அதற்கான எம்.சி.பி.யை இறக்கிவிட வேண்டும்.

இன்னொன்று. அந்த எண் விளக்குக்குத்தான். விளக்கிலிருந்து வரும் ஒரு சாண் வயரை நாம் டேப் சுற்றி இணைத்தால், 67 போட்ட விளக்கும் அந்த டேப்பின் தரத்துக்கு இறங்கிவிடும். நாங்களும் ஐ.பி. 65 விளக்குத்தான் வாங்கியிருந்தோம்.

பழவேற்காடு, எண்ணூர்ப் பக்கம் இருப்பவர்களுக்கு உப்புக் காற்று. கும்மிடிப்பூண்டி சிப்காட்டைச் சுற்றி இருப்பவர்களுக்கு இரும்பு ஆலைகளின் தூசி. இரண்டுமே ஈரத்தோடு சேர்ந்தால் திருகாணியையும் கனெக்டரையும் சீக்கிரம் தின்றுவிடும். எனவே நம் பகுதியில் வருடத்துக்கு ஒருமுறையாவது, மழைக்கு முன்பாக, மெயினை இறக்கிவிட்டு வயர்மேனைக் கொண்டு பெட்டிகளைத் திறந்து பார்க்கச் சொல்லவேண்டும்.

இரண்டாவது காப்பு, எர்த். இரும்புக் கம்பம், இரும்புப் பெட்டி எதுவானாலும் ஃபேஸ், நியூட்ரலோடு மூன்றாவதாக எர்த் வயர் ஓடவேண்டும். தண்ணீர்க் குழாயில் கட்டிவிடுவது எர்த் ஆகாது. எர்த் ஒன்றே போதும் என்றும் நினைக்கவேண்டாம். கோடையில் மண் காய்ந்து எர்த்தின் தடை 20 ஓம் ஆகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். 230 வோல்ட்டில் பாய்வது 11 ஆம்பியர் சொச்சம். 16 ஆம்பியர் எம்.சி.பி. அதற்கு ட்ரிப் ஆகாது. கம்பத்தில் கரண்ட் இருந்துகொண்டே இருக்கும்.

அதனால்தான் மூன்றாவது காப்பு, ஆர்.சி.சி.பி. ஃபேஸில் போன கரண்ட் நியூட்ரலில் முழுதாகத் திரும்புகிறதா என்று அது கணக்குப் பார்த்துக்கொண்டே இருக்கும். 30 மில்லி ஆம்பியர் குறைந்தாலே, எங்கோ கசிகிறது என்று கண்டு, ஒரு நொடியில் மூன்றில் ஒரு பங்கு ஆவதற்குள் துண்டித்துவிடும். எர்த்தும் சரியாக இருந்தால், யாரும் தொடுவதற்கு முன்பே, கசிந்த உடனேயே துண்டிக்கும். மத்திய மின்சார ஆணையத்தின் 2023ஆம் ஆண்டுப் பாதுகாப்பு விதிமுறைகளும் வீட்டு இணைப்புகளுக்கு இந்த 30 மில்லி ஆம்பியர் வரம்பைத்தான் சொல்கின்றன. ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ள 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. என்று கேட்டு வாங்குங்கள். 100, 300 என்று போட்டிருப்பவை தீ விபத்துக்கான காப்பு. அவை ஆளைக் காப்பாற்றாது.

அதற்கும் ஓர் எல்லை உண்டு. ஒரே நேரத்தில் ஒரு கையால் ஃபேஸையும் மறு கையால் நியூட்ரலையும் தொட்டால் அதற்குத் தெரியாது. ஆர்.சி.சி.பி. இருக்கிறது என்ற தைரியத்தில் யாரும் வயரில் கைவைக்கக்கூடாது.

நம் வீடுகளில் நடப்பது

"தோட்ட விளக்கு பணக்காரர்கள் சமாச்சாரம், நமக்கு ஏது தோட்டம்?" என்று சிலர் நினைக்கலாம். வாசல் கேட்டுக்கு மேல் ஒரு பல்பு இருக்கிறதா? பாத்திரம் துலக்கும் இடத்தில் ஒரு டியூப் லைட் இருக்கிறதா? பக்ரீத் ஆட்டுக்காகக் கொல்லையில் வயர் இழுத்து ஹோல்டர் தொங்கவிட்டதுண்டா? நிக்காஹ் வீட்டில் வேப்பமரத்தைச் சுற்றி சீரியல் செட் போட்டதுண்டா? அங்கெல்லாம் இதே கதைதான்.

சீரியல் செட் வாடகைக்கு எடுத்தால் வயரில் வெட்டு, ஒட்டு இருக்கிறதா என்று பகலிலேயே பாருங்கள். இரும்பு கேட்டிலும், துணி காயப்போடும் கம்பியிலும், தகரக் கூரையிலும் அதைச் சுற்றவேண்டாம். பிளக் சேரும் இடம் தரையில் கிடக்கக்கூடாது. மேலே கட்டுங்கள். மழை வந்தால் அழகைப் பார்க்காமல் அணைத்துவிடுங்கள்.

சில வீடுகளில் ஆர்.சி.சி.பி. வைத்திருக்கிறார்கள், ஆனால் மழைக்காலத்தில் அடிக்கடி ட்ரிப் ஆகிறது என்று கழற்றிவிட்டார்கள். பயிர்க் காவலுக்கு நாயை வைத்துவிட்டு, குரைக்கிறது என்று அவிழ்த்து விரட்டுவது போன்றதுதான் இது. அது ட்ரிப் ஆனால் எங்கோ கசிகிறது என்று பொருள். வீடு முழுக்க இருட்டாகிறதே என்பது நியாயமான சிரமம்தான். வெளி விளக்குகளுக்குத் தனியாக ஒரு ஆர்.சி.சி.பி. போட்டுவிட்டால் தோட்டம் மட்டும் அணையும், வீடு எரியும். அப்படிப் பிரிக்கும்போது நியூட்ரலையும் தனியாகப் பிரிக்கவேண்டும். வீட்டு நியூட்ரலோடு கலந்து விட்டால் காரணமில்லாமல் ட்ரிப் ஆகும்.

இன்வெர்ட்டர் வைத்திருப்பவர்கள் இன்னொன்றைக் கவனிக்கவேண்டும். மழையில் கரண்ட் போனதும், "லைன் இல்லை, இப்போது தொடலாம்" என்று நினைக்கிறோம். வெளி விளக்கு இன்வெர்ட்டரில் இருந்தால் அதில் 230 வோல்ட் ஓடிக்கொண்டுதான் இருக்கும். அந்த இன்வெர்ட்டர் லைனுக்கும் ஆர்.சி.சி.பி.யின் காப்பு இருக்கிறதா என்று வயர்மேனிடம் கேளுங்கள்.

புதிதாக விளக்குப் போடுகிறவர்களுக்கு எளிய வழியும் இருக்கிறது. 12 வோல்ட் தோட்ட விளக்குகள் கிடைக்கின்றன. டிரான்ஸ்ஃபார்மரை வீட்டுக்குள் வைத்து, தோட்டத்துக்கு 12 வோல்ட் மட்டும் அனுப்பினால் இப்படி ஒட்டிக்கொள்ளும் அபாயம் இல்லை. மலிவான அடாப்டர் வேண்டாம், தரச் சான்று உள்ளது வேண்டும். தூரம் அதிகமானால் வெளிச்சம் மங்கும் என்பதையும் கணக்கில் வைக்கவேண்டும். 5 வாட் விளக்கு ஆறு, 20 மீட்டர் தள்ளி என்றால் 2.5 ஆம்பியர் ஓடும். 1.5 சதுர மில்லி மீட்டர் செம்பு வயரில் ஏறக்குறைய 1.2 வோல்ட் வழியிலேயே குறைந்துவிடும். அடுத்த அளவு, 2.5 வயர் போட்டால் அந்தக் குறையில் ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்கு அடங்கும். கபரஸ்தான் பாதைக்கு நாங்கள் வயரே வேண்டாம் என்று முடிவெடுத்து, சூரிய ஒளி விளக்குகள் நட்டிருக்கிறோம்.

230 வோல்ட்தான் வேண்டும் என்றால் மண்ணுக்குள் போவது ஆர்மர்டு கேபிளாக இருக்கட்டும். இந்தியத் தரத்தின்படி 75 செ.மீ., அதாவது இரண்டரை அடி ஆழம். மேலே மணல் பரப்பி, வரிசையாகச் செங்கல் அடுக்கி மூடினால், நாளை மண்வெட்டியோடு வருகிறவருக்கு அதுவே எச்சரிக்கை. கேபிள் போகும் வழியை ஒரு தாளில் வரைந்து மெயின் பாக்ஸ் கதவுக்கு உள்ளே ஒட்டிவிடுங்கள்.

வாடகைக்கு விடும் சகோதரர்களுக்கு

சிப்காட்டைச் சுற்றி வெளிமாநிலத் தொழிலாளர்களுக்கு வரிசை வீடுகளும் அறைகளும் வாடகைக்கு விடுகிறவர்கள் நம்மிலும் இருக்கிறார்கள். அந்த முற்றத்து விளக்கையும், குளிக்கும் இடத்து விளக்கையும் ஒருமுறை போய்ப் பாருங்கள். பத்துப் பேர், இருபது பேர் ஈரக் காலோடு நடமாடும் இடம் அது. குறை சொன்னால் அறையைக் காலி செய்யச் சொல்லிவிடுவார்களோ என்று அவர்கள் வாய் திறக்கமாட்டார்கள். பாதையில் கிடக்கும் முள்ளை அகற்றுவதும் ஈமானில் சேர்ந்தது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம். நாம் வாடகை வாங்கும் இடத்தில் கண்ணுக்குத் தெரியாமல் கிடக்கும் முள்ளுக்கு நாம்தானே பொறுப்பு? அன்று நம் பிள்ளையைக் காப்பாற்றியவரும் அப்படி ஓர் அறையில் தங்கியிருப்பவர்தான்.

யாராவது கரண்டில் ஒட்டிக்கொண்டால்

இதைப் பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுங்கள். தொடாதே. மெயினை இறக்கு. மெயின் எங்கே இருக்கிறது என்று வீட்டில் ஐந்து வயதுப் பிள்ளைக்கும் தெரியவேண்டும். மெயினை எட்ட முடியாவிட்டால், காய்ந்த இடத்தில் நின்றுகொண்டு, காய்ந்த மரக்கட்டையாலோ பிளாஸ்டிக் நாற்காலியாலோ வயரைத் தள்ளுங்கள், அல்லது ஆளை விலக்குங்கள். 108ஐ அழையுங்கள். மூச்சு இல்லாவிட்டால் மார்பின் நடுவில் இரண்டு கைகளையும் வைத்து, ஆம்புலன்ஸ் வரும்வரை, நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்தவேண்டும். எழுந்து உட்கார்ந்துவிட்டார், பேசுகிறார் என்றாலும் ஆஸ்பத்திரிக்குப் போய் ஈ.சி.ஜி. எடுக்கவேண்டும்.

தெருவில் தேங்கிய தண்ணீரில் மின்கம்பி கிடக்கிறது, அல்லது மின்பெட்டி திறந்து கிடக்கிறது என்று தெரிந்தால் அந்தத் தண்ணீரில் கால் வைக்கவேண்டாம், பிறரையும் விடவேண்டாம். 2017 நவம்பர் 1 அன்று கொடுங்கையூரில் இப்படித்தான், மழைநீரில் கிடந்த கம்பியை மிதித்து இரண்டு சிறுமிகள் உயிரிழந்தார்கள். மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987. இரவிலும் எடுப்பார்கள். போனில் இன்றே பதிந்துகொள்ளுங்கள்.

நாம் முடிவெடுத்திருப்பது

நமது தோட்டத்தில் இப்போது மூன்று கோர் ஆர்மர்டு கேபிள் ஓடுகிறது. ஜாயிண்டுகள் எல்லாம் வராண்டாச் சுவரில் நான்கு அடி உயரத்துக்கு வந்துவிட்டன. தனி எர்த், தனி ஆர்.சி.சி.பி. போட்டாயிற்று. கேபிளை மெக்கர் வைத்துச் சோதித்துப் பார்த்த பிறகுதான் கரண்ட் கொடுத்தோம். ஒரு மெகா ஓமுக்குக் கீழே காட்டினால் கரண்ட் கொடுக்கவே கூடாது என்று எழுதியும் வைத்திருக்கிறோம்.

ஆர்.சி.சி.பி.யில் 'டி' என்று எழுதிய ஒரு சின்னப் பொத்தான் உண்டு. கரண்ட் இருக்கும்போது அதை அழுத்தினால் உடனே ட்ரிப் ஆகவேண்டும். ஆகாவிட்டால் அது வெறும் பெட்டி, மாற்றவேண்டும். ஒவ்வொரு மாதமும் முதல் ஜும்ஆ அன்று காலையில் நிர்வாகத்தில் ஒருவர் அதை அழுத்திப் பார்த்து, பக்கத்தில் மாட்டியிருக்கும் நோட்டில் தேதி போட்டுக் கையெழுத்திடுவார். யார் வேண்டுமானாலும் அந்த நோட்டைப் புரட்டிப் பார்க்கலாம். நீங்களும் அதே நாளில் உங்கள் வீட்டில் அழுத்திப் பாருங்கள். அரை நிமிட வேலை.

மழைக்கு முன் நம் மஹல்லாவில் விதவைகள், முதியவர்கள், உழைக்க ஆளில்லாதவர்கள் வீடுகளில் வெளி விளக்கு இணைப்புகளை உரிமம் பெற்ற வயர்மேனைக் கொண்டு சோதித்து, தேவைப்படும் இடத்தில் ஆர்.சி.சி.பி. பொருத்திக் கொடுக்கப்போகிறோம். ஒரு வீட்டுக்குக் கூலியோடு மூவாயிரம் ரூபாய் அளவில் ஆகும் என்று கணக்கிட்டிருக்கிறோம். இதை ஜகாத் பணத்திலிருந்து எடுக்கவில்லை. இதற்கென்று வரும் சதகா நிதியிலிருந்துதான் செய்வோம். வசதியுள்ளவர்கள் ஒரு வீட்டை ஏற்றுக்கொள்ளலாம். ஐ.டி.ஐ. படித்த நமது பிள்ளைகள் வயர்மேனுக்குத் துணையாகப் போகலாம்; தொழிலும் கற்றுக்கொள்வார்கள். உதவி தேவைப்படுகிறவர்கள் அலுவலகத்தில் பெயர் கொடுங்கள். தயங்கவேண்டாம். பெயர் வெளியே போகாது.

விளக்குகள் மறுபடி எரிந்த அன்று மாலை அந்தத் தாயாரை வரச்சொல்லி, மாற்றியது எல்லாவற்றையும் காட்டினோம். எல்லாம் கேட்டுக்கொண்டார். பிறகு, "அந்த நோட்டு எங்க இருக்கு பாய்?" என்றார். காட்டினோம். முதல் கையெழுத்தையும் தேதியையும் விரல் வைத்துப் பார்த்தார். "அடுத்த மாசமும் வந்து பாப்பேன்" என்று சொல்லிவிட்டுப் பையனைக் கூட்டிக்கொண்டு போனார்.

அவர் வருவார். நீங்களும் வந்து பாருங்கள். நாங்கள் மறந்திருந்தால் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை, பதில் வைத்திருப்பது எங்கள் கடமை.

அல்லாஹ் நம் பிள்ளைகளையும் நம் இல்லங்களையும் பாதுகாப்பானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.